மலை அடுக்குத்தேனீயா, சமவெளி அடுக்குத்தேனீயா, இத்தாலியத் தேனீயா? பெட்டி வாங்கும் முன் தேனீயின் உடம்பை அளந்து பாருங்கள்

அரூரில் மாவும் தென்னையும் வைத்திருப்பவர், தளியில் பாலிஹவுஸ் போட்டுக் குடைமிளகாய் வளர்ப்பவர், அஞ்செட்டிப் பக்கம் கொள்ளும் பேயெள்ளும் விதைப்பவர் என்று தேனீப்பெட்டி வாங்க நினைக்கும் எல்லோரும் ஒரே இடத்தில்தான் நிற்கிறார்கள். மலையிலிருந்து வரும் கறுத்த, பருத்த தேனீதான் பலமானது என்கிறார் ஒருவர். உள்ளூர்ப் பொந்தில் இருக்கும் மஞ்சள் தேனீயே போதும் என்கிறார் இன்னொருவர். இத்தாலியத் தேனீ வைக்காமல் கிலோக்கணக்கில் தேன் பார்க்க முடியாது என்கிறார் மூன்றாமவர். மூன்று பேர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. ஆனால் ஒருவருக்கு உண்மையாக இருப்பது அடுத்தவர் கொல்லையில் நஷ்டமாக முடிகிறது.

காரணம் தேனீயின் உடம்பில் இருக்கிறது. அதன் நீளம், இறக்கை, நாக்கு, அது கட்டும் அறையின் அகலம் எல்லாம் அது பிறந்த மண்ணுக்கு ஏற்ப அமைந்தவை. நாம் பெட்டியை முதலில் வாங்கிவிட்டு அதற்குள் தேனீயைத் திணிக்கப் பார்க்கிறோம். வரிசை தலைகீழாக இருக்க வேண்டும்: முதலில் இடம், பிறகு தேனீ, கடைசியாகப் பெட்டி.

ஒரு சொல் விளக்கம். நம் பக்கம் "மலைத்தேனீ" என்றால் பாறையிலும் உயரமான மரக்கிளையிலும் ஒற்றை அடை கட்டும் பெரிய தேனீ. அதைப் பெட்டியில் வளர்க்க முடியாது. வேலியில் ஒற்றை அடை கட்டும் கொம்புத்தேனீயும் அப்படியே. பொந்தில் பல அடைகளை வரிசையாகக் கட்டும் இந்தியத் தேனீயைத்தான் அடுக்குத்தேனீ என்கிறோம். அதற்குள்ளேயே மலை வகை, சமவெளி வகை என்று இரண்டு உண்டு. இந்தக் கட்டுரை அவ்விரண்டையும், இத்தாலியத் தேனீயையும், கொட்டாத சிறிய கொசுத்தேனீயையும் பற்றியது.

## ஒரே இனம், வேறு வேறு உடம்பு

காஷ்மீரிலிருந்து கன்னியாகுமரி வரை இருக்கும் அடுக்குத்தேனீ ஒரே இனம்தான். ஆனால் காஷ்மீர்த் தேனீயின் முன்னிறக்கை எட்டரை மில்லிமீட்டரைத் தொடும். தெற்குச் சமவெளியில் அதே இறக்கை ஏழரை மில்லிமீட்டரை ஒட்டி நின்றுவிடும். வடக்கே போகப் போகவும், மேலே ஏற ஏறவும் உடம்பு பெருக்கும், நிறம் கறுக்கும். கீழே இறங்க இறங்கச் சிறுத்து மஞ்சளாகும். குளிரில் பெரிய உடம்பு சூட்டைத் தக்கவைக்கும், கறுப்பு வெயிலை உறிஞ்சும். வெக்கையில் சிறிய உடம்பு சூட்டைச் சீக்கிரம் வெளியே விடும். இத்தாலியத் தேனீ சேர்ந்த மேற்கத்திய இனத்திலும் இதே கதைதான். வட ஐரோப்பாவின் கறுத்த வகை அகன்ற உடம்பும் நீண்ட ரோமமும் கொண்டது. ஏமன் நாட்டு வகை மெலிந்து, சிறுத்து, மஞ்சளாக இருக்கும்.

பிரீட்ரிக் ரூட்னர் என்ற ஆஸ்திரிய அறிஞர் 1988-இல், இறக்கை நீளம், இறக்கை நரம்புகளின் கோணம், நாக்கு நீளம், ரோம நீளம் போன்ற பல அளவுகளைச் சேர்த்து அடுக்குத்தேனீயை நான்கு துணையினங்களாகப் பிரித்தார். தென்னிந்தியத் தேனீ அதில் "இண்டிகா". நமக்கு அவ்வளவு அளவுகள் வேண்டாம், மூன்று போதும்: இறக்கை, அறை அகலம், நாக்கு. நாக்கு நீளத்தை வைத்துத்தான் எந்தப் பூவின் தேன் எட்டும் என்பது முடிவாகும். தெற்கத்தி அடுக்குத்தேனீயின் நாக்கு 5 மி.மீ.-க்குச் சற்றுக் குறைவு. இத்தாலியத் தேனீக்கு 6.3 முதல் 6.6 மி.மீ.

உடம்பின் அளவு முழுக்கப் பிறவியிலேயே முடிவாவதில்லை. பஞ்ச காலத்தில் பட்டினியாக வளர்ந்த புழுவிலிருந்து சிறிய தேனீ வரும். நான்கைந்து ஆண்டு பழகிய கறுத்த அடையில், ஒவ்வொரு புழுவும் விட்டுப்போகும் கூட்டுப்புழு உறையால் அறை சுருங்கி, அதில் பிறக்கும் தேனீயும் சுருங்கும். அதனால் ஒரு பெட்டியை மட்டும் பார்த்து "இது மலை வகை" என்று யாராவது சத்தியம் செய்தால் நம்ப வேண்டாம். புதிய, வெளிறிய அடையில்தான் அளக்க வேண்டும்.

## எதை வைத்து எடைபோடுவது

கடல்மட்ட உயரமும் வெயிலும். தருமபுரி, கிருஷ்ணகிரி என்ற நம் இரண்டு மாவட்டங்களும் படிக்கட்டு போன்றவை. ஊத்தங்கரை, அரூர் கீழ்ப்படி. தருமபுரி, பாலக்கோடு நடுப்படி. ஓசூர், தளி மேட்டுநிலம் சுமார் 900 மீட்டர். பெட்டமுகிலாளம் அதற்கும் மேலே. ஒரே மாவட்டத்துக்குள் தேனீ மாறுகிறது என்பதை மறந்துவிட்டுத்தான் பலர் பெட்டி வாங்குகிறார்கள்.

பறக்கும் தூரம். கொசுத்தேனீ சுமார் 300 மீட்டர், அடுக்குத்தேனீ ஒரு கிலோமீட்டர், இத்தாலியத் தேனீ இரண்டு மூன்று கிலோமீட்டர் தூரம் வரை போய் மேயும். இதை ஏக்கராக மாற்றிப் பாருங்கள்: முதலாவது சுமார் 70 ஏக்கர், இரண்டாவது 775 ஏக்கர், மூன்றாவது 7,000 ஏக்கர் வரை. 7,000 ஏக்கருக்குள் யார் எப்போது மருந்தடிக்கிறார்கள் என்று உங்களால் கேட்டு வைக்க முடியாது. 775 ஏக்கர் என்றால் அக்கம்பக்கத்தாரிடம் ஒரு வார்த்தை சொல்லி வைக்கலாம்.

பஞ்ச காலம். புளியம்பூ முடிந்ததிலிருந்து பேயெள் பூக்கும் வரை, அதாவது ஜூலை முதல் செப்டம்பர் வரை, மானாவாரிக் கொல்லையில் தேன் வரத்து மிகக் குறைவு. அந்த மூன்று மாதத்தை எந்தத் தேனீ எப்படிக் கடக்கிறது என்பதுதான் லாப நஷ்டக் கணக்கின் பாதி.

நோய். தாய்லாந்து சாக்புரூட் என்ற வைரஸ் நோய் 1991, 1992-இல் கேரளத்தில் தொடங்கித் தமிழ்நாடு, கர்நாடகம் வரை அடுக்குத்தேனீக் கூட்டங்களில் பெரும்பகுதியை அழித்தது. இத்தாலியத் தேனீ தெற்கே பரவியதற்கு அது ஒரு பெரிய காரணம். இத்தாலியத் தேனீயை அந்த நோய் பெரிதாக அண்டாது. ஆனால் உண்ணிகள் அதை விடாது.

நோக்கம். தேன் விற்கவா, மகசூல் கூடவா என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். இதில் ஒரு தவறான எண்ணம் பரவியிருக்கிறது. பாலக்கோடு, இராயக்கோட்டை தக்காளிக்காரர்கள் மகசூலுக்கென்று பெட்டி வாங்கத் தேவையில்லை. தக்காளிப் பூ தன் மகரந்தத்தைத் தானே ஏற்கும். அது உதிர அதிர்வு வேண்டும். அந்த அதிர்வைப் பெட்டித் தேனீ எதுவும் தராது. ஓசூர் ரோஜாவுக்கும் தேவையில்லை. மாம்பூவுக்கு ஈக்களே முக்கியம், தேனீயின் பங்கு சிறியது. ஆனால் பேயெள்ளுக்கு வேறு செடியின் மகரந்தம் வந்தே ஆக வேண்டும். தேனீ இல்லாத கொல்லையில் பூ நிறைந்து மணி குறைந்து நிற்கும். பூசணி, பாகல், தர்ப்பூசணி, வெங்காய விதை, சூரியகாந்தி எல்லாம் தேனீயை நம்பியவை.

## பத்து அறை அளவு

வாங்கப்போகும் பெட்டியில் ஒரு புதிய, வெளிறிய வேலைக்காரத் தேனீ அடையை எடுக்கச் சொல்லுங்கள். மில்லிமீட்டர் ஸ்கேலை அறைகளின் வரிசைமேல் வைத்து, ஒரு சுவரிலிருந்து தொடங்கிப் பத்து அறைகளுக்கு அப்பால் உள்ள சுவர் வரை அளங்கள். அறுகோணத்துக்கு மூன்று திசை வரிசை உண்டு. மூன்றிலும் அளந்து சராசரி எடுங்கள்.

- 42 முதல் 44 மி.மீ. வந்தால் சமவெளி வகை.
- 45-ஐத் தாண்டி 47-க்குள் வந்தால் தெற்கத்தி மலை வகை அல்லது கலப்பு.
- 49-ஐ ஒட்டி வந்தால் அது வடக்கத்தி அச்சில் செய்த மெழுகுத் தாளில் (அடை கட்டத் தொடக்கமாகச் சட்டத்தில் மாட்டும், அறை அச்சுப் பதித்த தாள்) கட்டிய அடை.
- 53, 54 என்றால் இத்தாலியத் தேனீ.

இந்த அளவு ஏன் இவ்வளவு முக்கியம் என்று பாருங்கள். அடுக்குத்தேனீயின் ஆண் தேனீ அறை 5 மி.மீ.-ஐத் தாண்டும். இத்தாலியத் தேனீக்கான மெழுகுத் தாளில் ஒவ்வொரு அறையும் 5.3, 5.4 மி.மீ. அதை மலிவாகக் கிடைக்கிறது என்று அடுக்குத்தேனீப் பெட்டியில் மாட்டினால், ராணி தன் முன்கால்களால் அறையை அளந்துவிட்டு "இது ஆண் தேனீ அறை" என்று கருவுறாத முட்டையை இடும். ஒரு மாதத்தில் பெட்டி முழுக்க ஆண் தேனீ. வேலை செய்ய ஆள் இல்லை. பெட்டிக்காரர் ராணி கெட்டுவிட்டது என்று ராணியைக் கொல்லுவார். கெட்டது ராணியல்ல, தாள். மூடிய அறையின் உச்சியில் ஊசி குத்தியதுபோல் சிறு துளை தெரிந்தால் அது அடுக்குத்தேனீயின் ஆண் அறை. அடை முழுக்க அந்தத் துளைகள் தெரிந்தால் உடனே தாளை மாற்றுங்கள். பொருத்தமான தாள் கிடைக்காவிட்டால் தாளே வேண்டாம். சட்டத்தின் மேல்கட்டையில் விரல் அகலத்துக்கு மெழுகுக் கோடு போட்டால் தேனீ தன் அளவில் தானே கட்டிக்கொள்ளும்.

இறக்கையையும் பாருங்கள். நுழைவாயிலில் செத்துக் கிடக்கும் வேலைக்காரத் தேனீ பத்தை எடுத்து, வலது முன்னிறக்கையைப் பிடுங்கி, ஒட்டும் டேப்பில் ஒட்டி, ஸ்கேலோடு சேர்த்துக் கைபேசியில் நெருக்கமாகப் படம் எடுங்கள். சமவெளி, மலை வித்தியாசம் மில்லிமீட்டரின் பத்தில் சில பங்குதான். அதனால் பத்தின் சராசரியை மட்டும் நம்புங்கள். அடுக்குத்தேனீயா, இத்தாலியத் தேனீயா என்ற சந்தேகம் வந்தால் பின்னிறக்கையில் ஓரத்தை நோக்கி நீளும் ஒரு தனி நரம்பைத் தேடுங்கள்: அடுக்குத்தேனீக்கு உண்டு, இத்தாலியத் தேனீக்கு இல்லை. வெயில் நேரத்தில் நுழைவாயிலில் விசிறும் தேனீயைப் பார்த்தாலே போதும் என்பதும் உண்டு. தலையை வெளியே நீட்டி விசிறினால் அடுக்குத்தேனீ. தலை பெட்டியை நோக்கி இருந்தால் இத்தாலியத் தேனீ.

## ஒரே பார்வையில்

| | சமவெளி அடுக்குத்தேனீ | மலை அடுக்குத்தேனீ | இத்தாலியத் தேனீ | கொசுத்தேனீ |
|---|---|---|---|---|
| உடம்பு | சிறியது, மஞ்சள் சாயல் | சற்றுப் பெரியது, கறுப்பு | பெரியது, மஞ்சள் பட்டை | 3 முதல் 4 மி.மீ., கறுப்பு |
| பத்து அறை அளவு | 42–44 மி.மீ. | 45–47 மி.மீ. | 53–54 மி.மீ. | பொருந்தாது, குடம் குடமாகக் கட்டும் |
| அடைகளின் நடுவிலிருந்து நடு | 30–31 மி.மீ. | 31–32 மி.மீ. | 35 மி.மீ. | – |
| பெட்டி | நியூட்டன் | நியூட்டன் அல்லது இந்தியத் தர நிர்ணய ஏ வகை | லாங்ஸ்ட்ராத் | ஒன்றரை, இரண்டு லிட்டர் மரப்பெட்டி, மூங்கில், மண்கலயம் |
| ஓராண்டுத் தேன், நல்ல பராமரிப்பில் | 5–8 கிலோ | இருந்த மலையில் 8–12 கிலோ | ஓரிடத்தில் 10–15, இடம் மாற்றினால் 25–40 கிலோ | கால் கிலோ முதல் அரை கிலோ |
| பெரிய எதிரி | சாக்புரூட், மெழுகு அந்து, ஓடிப்போதல் | அதே, வெயிலும் | உண்ணிகள், பஞ்சம், பஞ்சுருட்டான் பறவை | எறும்பு, சிறு ஈ |
| நன்றாக அமையும் இடம் | அரூர் முதல் கிருஷ்ணகிரி வரை | பெட்டமுகிலாளம், சித்தேரி போன்ற மலை | லாரி ஏற்றத் தயாரானவர் | பாலிஹவுஸ், வீட்டுச் சுவர் |

## சமவெளி அடுக்குத்தேனீ

கீழ்ப்படியிலும் நடுப்படியிலும் இருப்பவர்களுக்கு முதல் தேர்வு இதுதான். ஏப்ரல், மே வெயிலில் இதன் சிறிய உடம்பு ஈடுகொடுக்கும். காலை இருட்டு விலகியதும் கிளம்பும், மாலை மங்கும் வரை மேயும். வரோவா உண்ணியோடு ஆதியிலிருந்தே வாழ்ந்த இனம் இது; உண்ணி இதன் ஆண் புழுவில் மட்டுமே பெருகும், வேலைக்காரப் புழுவில் பெருகாது. எனவே உண்ணி மருந்துச் செலவு இல்லை.

பெட்டி விஷயத்தில் பெரிதாக ஆசைப்பட வேண்டாம். ஏழு சட்ட நியூட்டன் பெட்டி திருச்சிப் பக்கம் நியூட்டன் பாதிரியார் தெற்கத்தித் தேனீக்கென்றே சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் வடிவமைத்தது. புழு அறைச் சட்டம் சுமார் 20.5 செ.மீ. நீளம், 14.5 செ.மீ. உயரம். இதைவிடப் பெரிய பெட்டி "வளர்வதற்கு இடம்" தரும் என்று நினைப்பது தவறு. 10,000 முதல் 15,000 தேனீ கொண்ட கூட்டம் காக்கக்கூடிய அடைக்கு மேல் ஓர் அடை இருந்தாலும், அந்தக் காவலில்லாத அடையில்தான் மெழுகு அந்து முட்டையிடும். தேனீ மூடாத அடையை எடுத்துவிட்டு, பலகைத் தடுப்பு வைத்து இடத்தைக் குறையுங்கள்.

மறைந்திருக்கும் செலவு ஓடிப்போவது. பஞ்ச காலத்தில் பெட்டிக்குள் புழு நின்றுபோய், மகரந்தம் காலியாகி, தேனீ நுழைவாயிலில் திசையில்லாமல் சுற்றினால் இன்னும் ஓரிரு நாளில் பெட்டி வெறுமையாகும். ஜூலையிலிருந்தே வாரம் இருமுறை ஒரு பங்கு சர்க்கரை, ஒரு பங்கு தண்ணீர் கலந்த பாகை 200 மில்லி அளவில், இருட்டிய பிறகு பெட்டிக்கு உள்ளே வையுங்கள். பகலில் வெளியே வைத்தால் கொள்ளைதான் நடக்கும். ராணி வெளியேறாத இடுக்குத் தகடு நுழைவாயிலில் வைக்கலாம். ஆனால் பட்டினியைத் தீர்க்காமல் தகடு மட்டும் வைத்தால் ராணியோடு எல்லாம் உள்ளேயே சாகும். இன்னொன்று: இத்தாலியத் தேனீக்கான ராணித் தடுப்பின் இடைவெளி 4.1, 4.2 மி.மீ. அடுக்குத்தேனீ ராணி அதில் நுழைந்து போய்விடக்கூடும். மகரந்தப் பொறியும் அப்படியே. துளை பெரிதாக இருந்தால் மகரந்தம் உதிராது.

தேனில் ஈரம் கூடுதல் என்பதும் இதன் பலவீனம். உணவுப் பாதுகாப்புத் தரப்படி தேனில் ஈரப்பதம் 20 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது. அறைகளில் முக்கால் பங்காவது மெழுகு மூடியிருந்தால் மட்டும் சட்டத்தை எடுங்கள். அவசரப்பட்டு எடுத்த தேன் இரண்டு மாதத்தில் நுரைத்துப் புளிக்கும்.

## மலை அடுக்குத்தேனீ

விற்பவர்கள் அதிகம் புகழ்வது இதைத்தான். மலையில் இருக்கும்வரை புகழ் நியாயமானது. கூட்டம் பெரிது, அடை கூடுதல், குளிரும் பனியும் உள்ள காலையிலும் வேலை நடக்கும்.

கீழே இறக்கினால் என்ன ஆகிறது? முதல் கோடையிலேயே தண்ணீர் சுமப்பதில் பாதிப் படை போய்விடும். நிழலில்லாத இடத்தில் கனத்த தேன் அடை இளகி அறுந்து விழும். இதையெல்லாம் கொட்டகை போட்டு, ஈரச் சாக்கு போட்டுச் சமாளித்தாலும் தப்பாத ஒன்று உண்டு. அடுக்குத்தேனீயின் கன்னி ராணி வானத்தில் பறந்து பல ஆண் தேனீக்களோடு இணைகிறது. நீங்கள் ஊத்தங்கரையில் வைத்த மலைக் கூட்டம் அடுத்த முறை கூட்டம் பிரிந்து புது ராணி வந்தால், அந்த ராணி இணைவது ஊத்தங்கரை ஆண் தேனீக்களோடு. இரண்டு முறை ராணி மாறினால் பெட்டிக்குள் இருப்பது பெரும்பாலும் உள்ளூர்த் தேனீ. மலை வகைக்கென்று கொடுத்த கூடுதல் பணம் இரண்டு ஆண்டில் காற்றோடு போய்விடும். இதைச் சொல்லி விற்பவர் யாரும் இல்லை.

நோய் அதைவிடப் பெரிய செலவு. தொலைவிலிருந்து வரும் கூட்டம் சாக்புரூட் வைரஸையும் சுமந்து வரலாம். அடையில் புழு நிமிர்ந்து படுத்து, தோல் பைபோல் தளர்ந்து, தலை கறுத்து, படகுபோல் வளைந்து கிடந்தால் அதுதான். இதற்கு மருந்து இல்லை. ராணியைக் கூண்டில் வைத்துச் சில வாரம் முட்டையை நிறுத்துவதும், நோயடையை எரிப்பதும், பலமான கூட்டத்திலிருந்து புது ராணி கொடுப்பதுமே வழி.

யாருக்கு இது சரி? பெட்டமுகிலாளம், சித்தேரி, வத்தல்மலை போன்ற இடங்களில் நிலம் உள்ளவருக்கு. அவர்களும் வெளியூர் மலையிலிருந்து வாங்காமல், தங்கள் ஊர்ச் சுவரிலும் தனியார் நிலத்து மரப்பொந்திலும் இருக்கும் கூட்டத்தை மாற்றிக்கொள்வதே நல்லது. காப்புக்காட்டில் கூடு எடுப்பது சட்டப்படி குற்றம். மலையோரத்தில் பெட்டி வைப்பவர் கரடியையும் கணக்கில் வைக்க வேண்டும். தரையில் வைத்த பெட்டி ஒரே இரவில் சுக்கலாகும்.

ஓசூர், தளி மேட்டுநிலத்தில் இருப்பது இரண்டுக்கும் நடுவான தேனீ. அங்கே பத்து அறை அளவு 44, 45 என்று வந்து குழப்பும். குழம்ப வேண்டாம், அங்கே அதுவே உள்ளூர்த் தேனீ, அதையே வையுங்கள்.

## இத்தாலியத் தேனீ

1960-களில் இமாசலத்து நக்ரோட்டா பக்வானிலும் லூதியானாவிலும் வேரூன்றிய பிறகுதான் இது இந்தியாவில் தொழிலானது. தேன் எடையை மட்டும் பார்த்தால் இதற்கு இணை இல்லை. நாக்கு நீளம், படை பெரிது, எளிதில் ஓடிப்போகாது.

ஆனால் 40,000 தேனீயின் வயிற்றுக்கு நம் மானாவாரிக் கொல்லை ஆண்டு முழுக்கச் சோறு போடாது. மா, அதன்பின் வேம்பு, புங்கை, புளி, பிறகு மூன்று மாதம் வெறுமை, அக்டோபரில் பேயெள், அதன்பின் மொச்சை, கொள்ளு. இடைவெளியை நிரப்ப ஒன்று சர்க்கரை வேண்டும், மாதம் பெட்டிக்கு இரண்டு மூன்று கிலோ. இல்லையென்றால் லாரி வேண்டும். லாபம் பார்ப்பவர்கள் எல்லோரும் லாரிக்காரர்கள்தான்: ஜனவரிக்குப் பிறகு கன்னியாகுமரி ரப்பர், பிறகு சூரியகாந்தி, கொத்தமல்லி என்று போகிறார்கள். தேன் நிறைந்த ஆழமான தேன் அறை ஒன்றைத் தூக்க இரண்டு ஆள் வேண்டும். இரவில் கதவடைத்து ஏற்ற வேண்டும். 50 பெட்டிக்குக் குறைவாக வைத்து லாரி வாடகை கட்டுவது சிரமம்.

இரண்டே இரண்டு பெட்டி வாங்கி வீட்டில் வைக்கலாம் என்று நினைப்பவர்கள் இதை மனதில் வையுங்கள். சுற்றிலும் இத்தாலியக் கூட்டங்கள் இல்லாவிட்டால் கன்னி ராணிக்கு ஆண் தேனீ போதாது. நம் ஊர் அடுக்குத்தேனீ ஆண்களும் அதே ராணி வாசனைக்கு ஓடி வரும். அப்படி நடக்கும் இணைப்பில் உயிருள்ள வாரிசு வராது. ராணி மாறிய பிறகு பெட்டி பலம் குன்றுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

உண்ணி இரண்டு வகை. வரோவா இதன் வேலைக்காரப் புழுவிலும் பெருகும். இன்னொன்று டிரோபிலேலாப்ஸ், அதன் சொந்த வீடு பாறைத் தேனீ, அதாவது தொடக்கத்தில் சொன்ன மலைத்தேனீ. மேலகிரி மலையை ஒட்டிய ஊர்களிலும், ஏரிக்கரை ஆலமரத்தில் பாறைத்தேனீ அடை தொங்கும் இடங்களிலும் இது எப்போதும் காத்திருக்கும். சுருண்ட இறக்கையோடு தேனீ தரையில் ஊர்ந்தால், மூடிய அறையை ஊசியால் திறந்து பாருங்கள். சிவப்பு உண்ணி வேகமாக ஓடும். புழு இல்லாமல் அது சில நாளுக்கு மேல் தாங்காது. எனவே ராணியைக் கூண்டில் போட்டு மூன்று வாரம் புழுவை நிறுத்துவது மருந்தைவிட நன்றாக வேலை செய்யும்.

அடுக்குத்தேனீப் பெட்டியின் பக்கத்தில் இதை வைக்காதீர்கள். பஞ்ச காலத்தில் பெரிய உடம்புக்காரன் சிறியவன் பெட்டியில் புகுந்து தேனை அள்ளிக்கொண்டு போவான். ஒன்றரை கிலோமீட்டராவது இடைவெளி வேண்டும்.

## கொசுத்தேனீ

தேனுக்காக இதை வாங்க வேண்டாம். கால் கிலோ புளிப்புத் தேனுக்கு விலை உண்டு, அளவு இல்லை. பாலிஹவுஸ் வைத்திருப்பவருக்குத்தான் இது அருமையான தேனீ. பெரிய தேனீ பிளாஸ்டிக் கூரையின் வெளிச்சத்தில் திசை தடுமாறி முட்டி முட்டிச் சாகும். இந்தச் சிறிய தேனீ குறைந்த தூரம் பறப்பதால் உள்ளேயே பழகும். கொட்டாது என்பதால் வேலையாட்களும் பயப்பட மாட்டார்கள். குடைமிளகாயில் காய் எடையும் உருவமும் கூடும். விதையில்லா வெள்ளரி போட்டிருப்பவருக்கு எந்தத் தேனீயும் வேண்டாம். கூட்டத்தை ஆண்டுக்கு ஒருமுறைக்கு மேல் பிரிக்காதீர்கள். முட்டை தேனீயாக ஏழு வாரம் ஆகும். பிரிக்கும்போது தேன்குடம் உடைந்து கசிந்தால் சிறு ஈ முட்டையிட்டு முழுக்கூட்டத்தையும் கெடுத்துவிடும். உடைந்ததை உடனே எடுத்துத் துடைத்துவிட வேண்டும்.

## எந்த நிலையில் எது

மாந்தோப்பு மட்டும் வைத்திருக்கும் காவேரிப்பட்டணம், பர்கூர்க்காரர்களே அதிகம் யோசிக்க வேண்டியவர்கள். பூங்கொத்து வரும்போதும் பூக்கும்போதும் தத்துப்பூச்சிக்கு மருந்தடிப்பது அங்கே வழக்கம். அந்த நாட்களில் இத்தாலியத் தேனீ பெட்டியை அங்கே வைத்திருப்பது தற்கொலை. சமவெளி அடுக்குத்தேனீ என்றால் முன்னிரவிலேயே நுழைவாயிலை வலையால் மூடி, நிழலில் வைத்து, காற்றுப்போக விட்டு ஒருநாள் காக்கலாம். தென்னையும் கலந்திருந்தால் ஆண்டு முழுக்க மகரந்தம் கிடைப்பதால் கூட்டம் ஓடிப்போவதும் குறையும்.

பேயெள், கொள்ளு, மொச்சை விதைக்கும் அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை, பென்னாகரம் மானாவாரிக் கொல்லைக்கு உள்ளூர் அடுக்குத்தேனீ நான்கைந்து பெட்டி. ஆகஸ்ட் கடைசியிலிருந்தே பாகு கொடுத்துப் பலப்படுத்தினால் அக்டோபரில் பேயெள் பூக்கும்போது வேலைப்படை தயாராக இருக்கும். பூத்த பிறகு பாகு கொடுத்தால் ஒரு மாதம் தாமதம். முட்டை வேலைக்காரத் தேனீயாகவே மூன்று வாரம் ஆகும்.

வேலையாக எடுத்து, ஆள் வைத்து, ஆண்டில் நான்கு முறை ஊர் மாறத் தயாரானவருக்கு இத்தாலியத் தேனீ. பக்கத்து நிலத்தில் வாடகைக்குப் பெட்டி வைத்துக் கொடுக்கும் தொழிலும் அவருக்குத்தான் பொருந்தும்.

பயிற்சிக்குப் பாப்பாரப்பட்டியிலும் எலுமிச்சங்கிரியிலும் உள்ள வேளாண் அறிவியல் நிலையங்களை அணுகலாம். போகும்போது உங்கள் ஊர்ப் பொந்தின் அடைத் துண்டு ஒன்றைக் கையோடு எடுத்துப் போங்கள். பத்து அறை அளவை வைத்து எந்த அச்சு மெழுகுத் தாள் என்று கேட்க அது உதவும்.

வாங்க நல்ல காலம் நவம்பர் முதல் ஜனவரி. பூ இருக்கும், வெயில் இருக்காது. ஏப்ரலில் மலிவாகக் கிடைக்கும் கூட்டத்தை விட்டுவிடுங்கள். புதுப் பெட்டி வந்ததும் பழைய பெட்டிகளிலிருந்து தள்ளி, நான்கு வாரம் தனியாக வையுங்கள். அதற்குள் ஒரு புழுத் தலைமுறை முழுக்கக் கண்முன் வந்துவிடும். வாரம் ஒருமுறை நடு அடையை வெயில் பக்கம் திருப்பி, நிமிர்ந்து கிடக்கும் புழு, துளையிட்ட ஆண் அறை, குறுக்கே கட்டிய அடை ஆகிய மூன்றையும் தேடுங்கள். முதலாவது தென்பட்டால் அந்தப் பெட்டியில் வைத்த கத்தியும் கையுறையும் வேறு எந்தப் பெட்டிக்கும் போகக்கூடாது. இரண்டாவது அடை முழுக்க இருந்தால் மெழுகுத் தாள் பெரிது. மூன்றாவது இருந்தால் சட்ட இடைவெளி தவறு, அடுக்குத்தேனீக்கு அதை 31 மி.மீ.-ஆகக் குறைத்து அடுக்குங்கள்.